கருணையைப் பாடிய கவிஞர் குமாரன் ஆசான்

நெய்யாற்றங்கரையிலும் பாறசாலையிலும் வாழும் தமிழர்க்கு மலையாளம் அயல் மொழியன்று. வீட்டிலே தமிழும் பள்ளியிலே மலையாளமுமாக வளர்ந்தவர் நம்மவர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரைத் தாலுகாவோ கேரளத்திலேயே நின்றது. ஆகவே நம் பிள்ளைகள் குமாரன் ஆசானின் கவிதைகளை மலையாளத்திலேயே கற்கின்றனர். கற்றபின் நம்மிடம் வந்து ஒரு கேள்வி கேட்கின்றனர். பகவான் புத்தரைப் பற்றி இத்துணை உருக்கமாகப் பாடிய அப்பெரியார் தாமே ஏன் பௌத்தராகவில்லை? அவரே ஏற்க மறுத்த வழியை நீங்கள் ஏன் ஏற்றீர்கள்? உற்றார் உறவினரும் இதே கேள்வியை நம்மேல் எறிவதுண்டு.

இதற்கு விடை கூற வேண்டுமாயின் அவர் வாழ்வைத் தொடக்கமுதல் அறிதல் வேண்டும். ஒற்றசேகரமங்கலத்தைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் உபாசக உபாசிகையர் இதனைச் சிறப்பாக அறிதல் தகும். ஏனெனில் அக்கவிஞரின் வாழ்வு திசை திரும்பிய இடம் இவ்வூருக்கு அண்மையிலேயே உள்ளது.

குமாரன் ஆசான் 1873ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், திருவிதாங்கூரில் அஞ்சுதெங்கை அடுத்த காயிக்கரை என்னும் கடலோர ஊரில், ஈழவர் குடியில் பிறந்தார். தந்தையார் நாராயணன் பெருங்குடி வாணிகம் செய்தவர்; மலையாளத்தோடு தமிழும் அறிந்தவர். அக்காலத்தில் ஈழவர்க்கு அரசாங்க வேலையில் இடமில்லை. கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடக்க உரிமையில்லை. மருத்துவம் கற்றுத் தேர்ந்த டாக்டர் பல்பு அவர்களுக்கே சொந்த நாடு வேலை தர மறுத்தது. அவர் மைசூர் அரசின் பணியை நாடிச் செல்ல நேர்ந்தது. கற்றவரின் நிலையே இதுவென்றால் கல்லாதவரின் நிலையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இளைஞர் குமாரன் கொச்சுராமன் வைத்தியரிடம் சமஸ்கிருதம் பயின்றார். பின் தாமும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னார். ஆசிரியர் என்னும் பொருளுடைய ஆசான் என்ற சொல் நம் தமிழுக்கும் உரியது; அதுவே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இளமையில் அவர் சிற்றின்பச் சுவை மிக்க பாடல்களை இயற்றி வந்தார். அவரை அதனின்று விலக்கி வேறொரு வழியிற் செலுத்தியவர் ஸ்ரீ நாராயண குரு.

ஒற்றசேகரமங்கலத்துக்கு அண்மையில், நெய்யாற்றின் கரையில், அருவிப்புறம் என்னும் ஊர் இருக்கிறது. நாராயண குரு 1888ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று அங்கே தம் கையாலேயே சிவப் பிரதிட்டை செய்தார். பிரதிட்டை செய்யும் உரிமை பிராமணர்க்கே உண்டென்ற வழக்கம் அன்று அந்த ஆற்றங்கரையில் உடைந்தது. சாதி மத பேதமின்றி எல்லாரும் உடன்பிறந்தாராய் வாழும் இடம் அது என்று குரு எழுதி வைத்தார். அவர் தமிழறிந்தவர், தமிழிலே பதிகங்கள் பாடியவர், திருக்குறளில் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தவர். 1891ஆம் ஆண்டளவில் குமாரன் ஆசான் அவரைக் கண்டு அவருடைய மாணாக்கரானார். அருவிப்புறத்தில் தங்கி யோகமும் வேதாந்தமும் பயின்றார். மக்கள் அவரைச் சின்னசாமி என்றழைத்தனர்.

1895ஆம் ஆண்டு குருவின் விருப்பப்படி மேற்கல்விக்காகப் பெங்களூர் சென்றார். அங்கே டாக்டர் பல்பு அவருக்கு இடமும் பொருளும் தந்து ஆதரித்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் தர்க்க சாஸ்திரம் பயின்றபின், 1898ஆம் ஆண்டு கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியிற் சேர்ந்து 1900 வரை கற்றார்.

அன்பர்களே, இந்த 1898ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். அவ்வாண்டிலேதான் நம் அயோத்திதாச பண்டிதர் இலங்கைக்குச் சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஒடுக்கப்பட்ட மக்களின் துயர் ஒன்றே இருவரையும் இயக்கியது. ஒருவர் தம்மத்தின் வழியே புறப்பட்டார். மற்றவர் குருவின் மடத்துக்குத் திரும்பி வந்தார்.

1903ஆம் ஆண்டு ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் பதிவு பெற்றது. குரு அதன் தலைவர். ஆசான் அதன் முதற் செயலாளர். ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் அப்பொறுப்பைச் சுமந்தார். 1904இல் தொடங்கிய விவேகோதயம் என்னும் பத்திரிகையின் ஆசிரியராகவும் உழைத்தார். ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராகித் தம் மக்களின் கல்விக்காகவும் அரசாங்க வேலைக்காகவும் வாதாடினார். கணக்கெழுதுதல், கடிதம் எழுதுதல், ஊர் ஊராய்ச் சென்று கிளைகள் அமைத்தல் ஆகிய பணிகளின் இடையேதான் அவர் கவிதை எழுதினார். சங்கம் நடத்துவதன் பாடு நடத்தியவர்க்கே தெரியும்.

1907ஆம் ஆண்டு தலைச்சேரியினின்று வெளிவந்த மிதவாதி பத்திரிகையில் வீணபூவு என்னும் அவருடைய கவிதை வெளிவந்தது. வாடி வீழ்ந்த ஒரு மலரைப் பற்றி 41 பாடல்கள் கொண்டது அது. அநித்தியம் என்று நாம் போதிக்கும் உண்மையை ஒரு பூவிலே காட்டி, மலையாளக் கவிதையில் ஒரு புதிய காலத்தைத் தொடங்கிவைத்தது. அயோத்திதாசர் ஒரு பைசாத் தமிழன் பத்திரிகையைத் தொடங்கியதும் அதே 1907இல்தான். பின்னர் 1911இல் நளினி, 1914இல் லீலை, 1919இல் பிரரோதனம், சிந்தாவிஷ்டயாய சீத என ஆசானின் நூல்கள் வெளிவந்தன. 1922ஆம் ஆண்டு வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது பட்டும் வளையும் தந்து அவரைச் சிறப்பித்தார். மகாகாவியம் ஒன்றும் இயற்றாமலே மகாகவி என்று மக்களால் போற்றப்பட்டவர் அவர்.

இனி அவருடைய பௌத்த நூல்களைக் காண்போம். எட்வின் ஆர்னால்டு என்னும் ஆங்கிலக் கவிஞர் பகவானின் வரலாற்றை ஆசிய ஜோதி என்று நாம் வழங்கும் நூலாகப் பாடினார். தமிழில் அதனைத் தழுவிப் பாடியவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. மலையாளத்தில் அதனை ஸ்ரீ புத்த சரிதம் என்ற பெயரில் ஆசான் பாடினார். நாஞ்சில் நாட்டுக் கவிஞர் ஒருவரும் காயிக்கரைக் கவிஞர் ஒருவரும் ஒரே நூலைத் தத்தம் மொழிக்குக் கொணர்ந்தது திருவிதாங்கூருக்குப் பெருமையாகும்.

1922இல் அவர் சண்டாலபிக்ஷுகியைப் பாடினார். வெயிலில் நடந்து களைத்த ஆனந்த தேரர், சிராவத்தியை அடுத்த ஒரு கிணற்றடியில் நீரிறைக்கும் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். மாதங்கி என்னும் அப்பெண் தன் குலத்தைச் சொல்லித் தயங்குகிறாள். தாம் கேட்டது தண்ணீரையே, குலத்தையன்று என்கிறார் தேரர். அவள் வார்க்கிறாள், அவர் பருகுகிறார். பின்னர் அவள் தன் சேரியை விட்டு நடந்து ஜேதவனத்தை அடைகிறாள். பகவான் அவளைப் பிக்ஷுணி சங்கத்திற் சேர்க்கிறார். அது கேட்டு உயர்குலத்தார் சினங் கொள்ள, பிரசேனஜித்து மன்னன் வினவ வருகிறான். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லையென்று பகவான் அவனுக்கு விளக்குகிறார்.

நாம் உழைத்த ஆலையொன்றில், குடிநீர்க் குவளையை முன்னே தொட்டவர் யார் என்று பார்த்துப் பின்னே தொடுவோர் இருந்தனர். அத்தகையோர் நடுவே நின்று உழைத்துக்கொண்டே இக்கவிதையை எழுத்துக் கூட்டிப் படித்தவர் நாம். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய கிணறு நம் ஆலைக்குள்ளேயே இருப்பதுபோல் நமக்குத் தோன்றியது.

1923இல் வந்தது கருணை. மதுரா நகரத்துக் கணிகை வாசவதத்தை, இளந்துறவி உபகுப்தர்பால் ஆசை கொண்டு பலமுறை தோழியைத் தூது விடுகிறாள். காலம் வரவில்லையென்றே அவர் ஒவ்வொரு முறையும் மறுமொழி தருகிறார். பின்னர் அவள் பொருளாசையால் தன் காதலனாகிய தொழிலாளர் தலைவனைக் கொல்விக்கிறாள். குற்றம் வெளிப்பட, கைகால்களும் செவியும் மூக்கும் அரியப்பட்டுச் சுடுகாட்டில் எறியப்படுகிறாள். அழகும் செல்வமும் சுற்றமும் நீங்கிய அந்நேரத்தில் உபகுப்தர் வருகிறார். அருகிருந்து தம்மம் உரைக்கிறார். அவள் அமைதியோடு கண் மூடுகிறாள். கணிகையர் குடியிற் பிறந்த மணிமேகலையைத் துறவறத்தில் நிறுத்திய சாத்தனாரின் காப்பியத்தை உடைய நாம், இக்கவிதையை நம் வீட்டுப் பிள்ளையாகவே கொள்ளலாம். சேரரின் வஞ்சி நகரமும் அக்காப்பியத்தில் வருவதன்றோ!

இவ்வாறெல்லாம் பாடியவர், தம்மை பௌத்தர் என்று கூறிக்கொள்ளவில்லை. மிதவாதி பத்திரிகை பின்னர் கோழிக்கோட்டில் வாழ்ந்த சி. கிருஷ்ணன் அவர்களின் கைக்கு வந்தது. ஈழவர் அனைவரும் பௌத்தராதல் வேண்டும் என்று கிருஷ்ணன் எடுத்துரைத்தார். அதனை மறுத்து ஆசான் 1923இல் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மதபரிவர்த்தன ரசவாதம் என்று அது பெயர் பெற்றது. செம்பைப் பொன்னாக்கும் இரசவாதம்போல், மதம் மாறியவுடன் மனிதன் மாறிவிடுவான் என்று நம்புதல் கூடாது என்பது அவர் கருத்து. குருவின் வழிநின்று கல்வியாலும் ஒற்றுமையாலும் தம் சமூகம் முன்னேறுவதைக் கண்ணாற் கண்டவர் அவர். அந்த முன்னேற்றத்தைக் கலைத்துவிடலாகாது என்று அவர் அஞ்சியதில் வியப்பில்லை.

இக்கடிதத்தை மறைத்து அவரை பௌத்தராகக் காட்டுதல் பொய்யாகும். நான்காம் சீலத்துக்கு இழுக்காகும். இக்கடிதத்தின் பொருட்டு அவரை வெறுத்தொதுக்குதலோ நன்றியின்மையாகும். அவர் எழுப்பிய ஐயத்தை நேர்நின்று ஆராய்தலே நம் கடமை.

முதலாவது, ஈழவர் சமூகத்தில் நிலமுடையோரும் வணிகரும் வைத்தியரும் வடமொழி வல்லாரும் இருந்தனர். தம் வீட்டைத் தாமே செப்பனிட அவர்களால் இயன்றது. சேரியில் வாழ்ந்தவர்க்கோ அவ்வீட்டில் திண்ணையும் உரியதாக இருந்ததில்லை. தமக்கில்லாத வீட்டை அவர்கள் எவ்வாறு செப்பனிடுவர்? இதனை ஆசான் அறியாதவரல்லர். 1922இல் அவர் பாடிய துரவஸ்தையில், 1921ஆம் ஆண்டின் மலபார்க் கலவரத்தில் வீடிழந்த நம்பூதிரிப் பெண் சாவித்திரிக்குப் புகலிடம் தருபவன் சாத்தன் என்னும் புலையர் குல இளைஞன். அவனையே அவள் கணவனாக ஏற்கிறாள்.

இரண்டாவது, அவருடைய மாதங்கியே அவருடைய கடிதத்துக்கு மறுமொழியாக நிற்கிறாள். சேரி திருந்தட்டும், ஊர் திருந்தட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. எழுந்து ஜேதவனத்துக்கு நடந்தாள்.

மூன்றாவது, அவர் சொன்னதில் நாம் தலைமேற்கொள்ள வேண்டிய உண்மையும் உண்டு. பெயரை மாற்றியதனால் மட்டும் எவனும் பௌத்தனாவதில்லை. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம் மக்களுக்கு மும்மணிகளையும் பஞ்சசீலத்தையும் தந்ததோடு நில்லாமல் இருபத்திரண்டு உறுதிமொழிகளையும் தந்தார். மனிதர் யாவரும் சமம் என ஒழுகுதலும், பொய், களவு, மது ஆகியவற்றை நீக்குதலும் அவற்றுள் அடங்கும். இரசவாதத்தில் நம்பிக்கை உடையவர் உறுதிமொழி கேட்பதில்லை. தம்மம் ஏற்றபின்னும் நம் இல்லங்களில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் உட்பிரிவு பார்ப்போமாயின், ஆசானின் ஐயம் நம்மளவில் மெய்யாகிவிடும்.

1924ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், ரெடீமர் என்னும் படகு பல்லனை ஆற்றிற் கவிழ்ந்தது. அதிற் சென்ற குமாரன் ஆசான் நீரில் மூழ்கி மறைந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. இரண்டரைத் திங்கள் கழிந்து, அதே ஆண்டு மார்ச் 30ஆம் நாள், கோயில் வீதியில் நடக்கும் உரிமைக்காக வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அவர் நினைவாகப் பல்லனையில் அவ்விடம் குமாரகோடி என்று வழங்குகிறது. அவர் வாழ்ந்த தோன்னக்கலில் நினைவகம் நிற்கிறது. பல்லனை உள்ள ஆலப்புழை மாவட்டத்தில்தான் கருமாடிக்குட்டன் என்று மக்கள் அழைக்கும் கருங்கற் புத்தர் சிலையும் உள்ளது. கேரளத்தில் தம்மம் பண்டு வாழ்ந்ததற்கு அச்சிலை சான்று.

ஆகவே பிள்ளைகள் கேட்கும்போது இவ்வாறு கூறுங்கள்: ஆசான் சரணம் புகவில்லை, ஆயினும் சரணம் புகுந்தவரின் கதையைக் கேரளம் முழுதும் கேட்கப் பாடினார். அவர் பாடிய வழியில் நடப்பவர் நாம். அவர் கேட்ட கேள்விக்கு நம் நாவினால் அன்றி நடையினால் விடை தருவோம். சண்டாலபிக்ஷுகியையும் கருணையையும் மலையாளம் அறிந்த இளைஞர் நம் சங்கக் கூட்டங்களில் வாசித்துத் தமிழில் பொருள் கூறுவாராக. தண்ணீர் கேட்டு வருபவர் எவராயினும் குலம் வினவாது வார்ப்போமாக.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!