சென்னைக்கு இடம் பார்த்த பிரான்சிஸ் டே

வருடா வருடம் ஆகஸ்ட் 22 அன்று சென்னை தினம் கொண்டாடுகிறார்கள். 1639-ல் அந்தத் தேதியில்தான் ஆங்கிலேயருக்கு இந்த இடம் எழுதித் தரப்பட்டது என்கிறார்கள். அதைப் பேசி வாங்கியவர் பிரான்சிஸ் டே. அவரைப் பற்றித் தெரிந்து கொள்வோமா?

டே ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். நெல்லூர் பக்கம் கடலோரத்தில் ஆர்மகான் என்ற ஊரில் கம்பெனியின் கிடங்கைக் கவனித்து வந்தார். அங்கே நல்ல துணி சரியாகக் கிடைக்கவில்லை. பக்கத்தில் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் வேறு கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதனால் வேறு இடம் தேடித் தெற்கே வந்தார்.

அவர் பிடித்த இடம் மதராசப்பட்டினம். வெறும் மணல் கரை. துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்திலேயே நிற்க வேண்டும், மசூலா படகில்தான் கரைக்கு வர முடியும். அப்புறம் ஏன் அந்த இடம்? இங்கே துணி மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்று டே கணக்குப் போட்டார்.

இந்தப் பகுதி தாமர்ல வெங்கடாத்திரி நாயக்கர் கையில் இருந்தது. அவருடைய தம்பி அய்யப்ப நாயக்கர் இருந்தது எங்கே தெரியுமா? நம்ம பூந்தமல்லியில்தான்! பேச்சுவார்த்தைக்குத் துணை நின்றவர் துபாஷி பேரி திம்மப்பா. நாயக்கர்களின் தந்தை சென்னப்பர் பெயரால் சென்னப்பட்டினம் என்ற பெயர் வந்தது.

1640 பிப்ரவரியில் டேயும் அவருடைய மேலதிகாரி ஆண்ட்ரூ கோகனும் சுமார் 25 சிப்பாய்களோடு வந்து இறங்கினார்கள். நாயக்கர் தன் செலவில் கோட்டை கட்டித் தருவார் என்று நம்பினார்கள். அது நடக்கவில்லை. செலவு கம்பெனி தலையில் விழுந்தது. லண்டனில் இருந்த முதலாளிகளுக்கு ரொம்பக் கோபம். டே 1641-ல் இங்கிலாந்து போய் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபின் 1643 முதல் 1644 வரை இங்கே கம்பெனியின் தலைவராக இருந்தார்.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1607-ல் ஆங்கிலேயர் அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுனை அமைத்தபோது அவர்களே போய்க் குடியேறினார்கள். இங்கே அப்படி இல்லை. வந்த வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு வருடத்துக்குள் 300, 400 நெசவாளர் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. துணி வெளுப்பவர்கள், சாயம் போடுபவர்கள், படகுக்காரர்கள் எல்லாருமே நம்ம ஜனங்கள். ஆனால் அவர்கள் கோட்டைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் கருப்பர் நகரம். இப்போது உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கம்தான் அது.

மலிவாகத் துணி வாங்க வந்த கம்பெனி, பிறகு நாட்டையே பிடித்துக் கொண்டது. டே கட்டிய இடத்தில் இருக்கும் ஜார்ஜ் கோட்டையில் இன்று நம்முடைய சட்டசபை கூடுகிறது. சென்னைக்கு இடம் பார்த்தவர் டே, சரிதான். ஆனால் அந்த மணல் கரையை ஊராக்கியது தறி நெய்த கைகளும் துடுப்புப் போட்ட கைகளும்தான். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அடுத்த சென்னை தினத்தில் அவர்களையும் நினைப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி