சார்லி வைட்: பட்டம் எய்தாத இடக்கை

இடக்கையை வளைத்து வீசும் குத்தே பெயருக்கு அடைமொழியாக, ‘லெஃப்ட் ஹூக்’ சார்லி வைட் என்றே அழைக்கப்பட்டவர் அவர். 1891இல் லிவர்பூலில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, இளமையிலேயே சிகாகோவில் குடியேறினார். அவரை உடற்பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பியது காசநோய். மெலிந்த அவ்வுடலில் அத்துணை வலிமை விளைந்தது வியப்பே.

ஆயினும் பட்டம் கைகூடவில்லை. 1914இல் மில்வாக்கியில், லைட்வெயிட் பட்டம் தாங்கிய வில்லி ரிச்சியை முதற்சுற்றிலேயே தள்ளாடச் செய்தார். அங்கோ நடுவர் தீர்ப்பளிக்கும் வழக்கம் இல்லை. பத்துச் சுற்றுக்குள் எதிரியை வீழ்த்தினாலன்றிப் பட்டம் கைமாறாது. ரிச்சி வீழவில்லை. 1916இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருபது சுற்று. இம்முறை தீர்ப்பும் உண்டு. அது ஃபிரெடி வெல்ஷுக்குச் சென்றது. கூட்டம் சினந்தெழுந்தது, பயன் யாது?

இவற்றை ஊழின்மேல் ஏற்றலாம். 1920 ஜூலை 5ஆம் நாளை அவ்வாறு ஏற்றல் இயலாது. மிச்சிகன் மாநிலத்துப் பெண்டன் ஹார்பரில், ஐந்தாம் சுற்றில், அவ்விடக்கை பென்னி லெனார்டைக் கயிறுகளுக்கு வெளியே எறிந்தது. நிலைகுலைந்த லெனார்ட் மீண்டும் மேடையேறினார். பாய்ந்து முடிக்க வேண்டிய வேளை அது. வைட் முடிக்கவில்லை. செப்பமான இன்னொரு குத்துக்கு இடம் பார்த்து நிற்பது அவர் இயல்பு. ஒரு சொல்லுக்குக் காத்திருந்து பாட்டை இழக்கும் புலவரும் உண்டன்றோ! லெனார்ட் தெளிந்தார். ஒன்பதாம் சுற்றில் வீழ்ந்தவர் வைட்.

அத்தகைய வாய்ப்பு மீண்டும் வரவில்லை. 1959இல் அவர் மறைந்தார்.