பாசிட்டிவ் கார்டு எடுக்குறீங்களா? கீழூருக்கு நடந்துவந்த பையனோட கதையையும் படிங்க!

காலையில எழுந்ததும் ஒரு கார்டு. நான் தைரியசாலி, நான் அன்புக்குத் தகுதியானவள், இன்னிக்கு எல்லாம் நல்லபடியா நடக்கும்னு அதுல ஒரு வரி. இது எதிர்காலத்தைச் சொல்ற டாரட் இல்ல. நம்மள நாமே பார்த்துக்கிறதுக்கான பாசிட்டிவ் டாரட். சில நாள் அந்த வரி மனசுல பச்சக்குனு ஒட்டிக்கும். சில நாள், யாரை ஏமாத்துறன்னு உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலை என்ன பண்றது?

இந்த இடத்துலதான் நமக்கு ஒருத்தர் தேவைப்படுறார். 16 வயசுல, பசியோட, இன்னிக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துல இருக்குற திருக்கோவிலூர் கீழூருக்கு நடந்துவந்தவர். பெயர் வேங்கடராமன். உலகத்துக்கு அவர் ரமண மகரிஷி.

1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் பிறந்தவர். 12 வயதில் அப்பா சுந்தரம் அய்யர் இறந்துபோக, மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். படிப்பைவிட விளையாட்டில்தான் ஆர்வம். 1896 ஜூலையில் ஒருநாள், உடம்புக்கு எதுவும் இல்லாதபோதே திடீர்னு மரண பயம் பிடித்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல விறைப்பாகப் படுத்து, இந்த உடம்பு செத்துப்போனா நானும் செத்துப்போவேனான்னு உள்ளுக்குள்ளேயே பார்த்தார். பயம் போனது. கூடவே, படிப்புல இருந்த கொஞ்சநஞ்ச ஆர்வமும் போனது.

ஆகஸ்ட் 29. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூணு தடவை எழுதச் சொன்ன இம்போசிஷனைப் பாதியில் விட்டுட்டு, கண்மூடி உட்கார்ந்தார். அண்ணன் திட்டினார். ஸ்பெஷல் கிளாஸ் இருக்குன்னு சொல்லிட்டுக் கிளம்பிய தம்பியிடம், தன் காலேஜ் ஃபீஸுக்கு 5 ரூபாய் எடுத்துப்போகச் சொன்னார் அண்ணன். வேங்கடராமன் 3 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். கடிதத்தில் கையெழுத்தே இல்லை.

விழுப்புரம் வந்து சேர்ந்தப்போ கையில் இருந்த காசு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட்டுக்குப் போதும். அங்கிருந்து சுமார் 10 மைல் நடை. தென்பெண்ணையின் அந்தக் கரையில் அறையணிநல்லூர் கோயில். அங்கே சாப்பாடு கிடைக்கவில்லை. குருக்களோடு ஆற்றுக்கு இந்தப் பக்கம் கீழூர் வீரட்டேஸ்வரர் கோயிலுக்கு வந்தார். இங்கேயும் இல்லைன்னுட்டாங்க. கோயில் மேளக்காரர்தான் தன் பங்குச் சோற்றைக் கொடுத்தார். தண்ணீர் கேட்டுப் போன இடத்தில் பையன் மயங்கி விழ, சோறு மண்ணில் சிதறியது. எழுந்து, அதைப் பொறுக்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் கோகுலாஷ்டமி. கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் வயிறாரச் சாப்பாடு. காதுக் கடுக்கனை அவரிடம் அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினார். மீட்க வரப்போவதில்லைன்னு தெரிந்ததால், அடகுச்சீட்டைக் கிழித்துப்போட்டார். செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை. அதற்குப் பிறகு அந்த ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை. 1950 ஏப்ரல் 14-ல் அங்கேயே மறைந்தார்.

சரி, நம்ம கார்டுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

1902 வாக்கில், அவர் பேசாமல் இருந்த காலத்தில், சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை ஊழியர் கேள்விகளோடு வந்தார். ரமணர் எழுதிக்காட்டிய பதில்கள்தான் பின்னால் 'நான் யார்' என்ற சிறு நூல் ஆனது. வழி ரொம்ப எளிமை. ஒரு எண்ணம் வந்தால் அதோடு சண்டை போட வேண்டாம், அதை வளர்க்கவும் வேண்டாம். இது யாருக்கு வந்தது, எனக்கு என்றால் அந்த நான் யார்னு திரும்பிப் பார்க்கணும், அவ்வளவுதான்.

1928-ல் எழுதிய 'உள்ளது நாற்பது' நூலில், நான் பரம்பொருளே என்று பாவித்துக்கொள்வதைப் பற்றியும் பேசுகிறார். அதை அவர் ஒதுக்கவில்லை, நல்ல துணைன்னுதான் சொல்கிறார். ஆனா, மனுஷனா இருக்குற ஒருத்தர் தன்னை மனுஷன்னு நாள் முழுக்க நினைச்சுக்கிட்டே இருக்கணுமான்னும் கேட்கிறார். அவர் பேசியது டாரட் பற்றி இல்லைதான். ஆனா, அந்தக் கேள்வி நம்ம கார்டுக்கும் பொருந்தும்.

அதனால கார்டைத் தூக்கிப்போட வேண்டாம். நாளைக்கு அந்த வரியைப் படிச்சதும், நம்பாத குரல் கேட்டா அதை அதட்டாதீங்க. இது யாருக்குத் தோணுதுன்னு ஒரு நிமிஷம் கவனிங்க. உடனே எதுவும் மாறலைன்னாலும் பரவாயில்ல.

அடுத்த தடவை கல்வராயன் மலைக்கு பைக் ட்ரிப் போறப்போ, நேரம் இருந்தா திருக்கோவிலூர் கீழூர்லயும் வண்டியை நிறுத்துங்க. ஒரு மேளக்காரர் தன் சோத்தைக் கொடுத்த கோயில் அங்கேதான் இருக்கு.