யோகட்டும் நீண்ட ஆயுளும்: மெச்னிகோவ் சொன்னதும் சொல்லாததும்

பாடசாலை விட்டு வரும் பிள்ளைக்கும், நீரிழிவு என்று பிஸ்கட்டைக் குறைத்துக்கொண்ட பெரியவருக்கும் இன்று பல வீடுகளில் யோகட்தான் மாலைச் சிற்றுண்டி. சமிபாடு சீராகும், நோய் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இந்த வாக்குறுதிகள் எங்கிருந்து தொடங்கின என்று நான் தேடியபோது கிடைத்தது ஒரு மனிதரின் கதை. இழப்பும் ஊர்விட்டுப் போதலும் நிறைந்த அந்த வாழ்க்கை எங்களுக்கு அந்நியமானதல்ல.

இலியா மெச்னிகோவ் 1845 ஆம் ஆண்டு கார்கிவ் பகுதியில் பிறந்தார். அன்று அது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. இன்று உக்ரேனில் ஏவுகணைகள் விழும் பகுதி. நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்த அவர், இளம் வயதிலேயே ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்தார்.

அவருடைய முதல் மனைவி லுத்மிலா நோயாளி. திருமண நாளில் தேவாலயத்துக்கு அவரைக் கதிரையில் வைத்துத்தான் தூக்கிச் சென்றார்கள். 1873 இல் காசநோய் அவரைக் கொண்டுபோனது. துயரம் தாங்காத மெச்னிகோவ் தன் உயிரை மாய்க்க முயன்று பிழைத்தார். பின்னர் ஒல்காவை மணந்தார். ஒல்காவுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தபோது மீண்டும் உடைந்து போனார். மறுபடியும் மரணத்தை நாடி, மறுபடியும் தப்பினார்.

1881 இல் சார் மன்னர் கொல்லப்பட்டதை அடுத்து பல்கலைக்கழகத்தில் நெருக்கடிகள் முற்றின. மெச்னிகோவ் பதவியைத் துறந்து, இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள மெசினாவுக்குப் போனார். 1882 இல் அங்கே, நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குடம்பிக்குள் சிறு முட்களைச் செலுத்தினார். மறுநாள் காலை நடமாடும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. உடலுக்குள் நுழையும் கிருமிகளை வெண்குழியங்கள் விழுங்கி அழிக்கின்றன என்ற அவருடைய கொள்கை அதிலிருந்தே பிறந்தது. அதற்காக 1908 இல் போல் ஏர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பரிசு யோகட்டுக்குக் கிடைத்ததல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

1888 இல் அவர் பாரிஸுக்குப் போனார். லூயி பாஸ்டர் தன் நிறுவனத்தில் இடம் கொடுத்தார். இருமுறை சாகத் துணிந்தவர் அங்கே முதுமையையும் ஆயுளையும் ஆராயத் தொடங்கினார். பெருங்குடலில் உள்ள சில பற்றீரியாக்களின் நச்சே முதுமையை விரைவுபடுத்துகிறது என்று அவர் கருதினார். புளித்த பாலில் உள்ள பற்றீரியா அவற்றை அடக்கலாம் என்பது அவருடைய ஊகம். புளித்த பால் உண்ணும் பல்கேரியக் கிராமத்தவர்கள் நீண்ட காலம் வாழ்வதாக வந்த செய்திகளை அவர் ஆதாரமாகக் கொண்டார்.

1904 இல் பாரிஸில் அவர் ஆற்றிய உரைக்குப் பிறகு பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. ஊகம் ஒரே இரவில் மருந்தானது. புளித்த பாலும் பற்றீரியா மாத்திரைகளும் மருந்துக்கடைகளுக்கு வந்தன. இது ஆயுளை நீட்டும் அமுதம் அல்ல, கேள்விக்கு விடை இனித்தான் கிடைக்க வேண்டும் என்று மெச்னிகோவே எழுதினார். அந்த எச்சரிக்கையை வியாபாரம் காதில் வாங்கவில்லை.

முதலாம் உலகப் போர் வந்தது. இளம் ஆய்வாளர்கள் போர்முனைக்குப் போக, ஆய்வுகூடங்கள் வெறிச்சோடின. பல ஆண்டுகளாகத் தினமும் புளித்த பால் குடித்த மெச்னிகோவ், 1916 இல் 71 வயதில் இதயநோயால் இறந்தார். ஒருவருடைய வயதைக் கொண்டு யோகட் நல்லது என்றோ வீண் என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது. அவருடைய அஸ்தி பாஸ்டர் நிறுவனத்திலேயே இருக்கிறது.

இன்று உறுதியாகச் சொல்லக்கூடியது எவ்வளவு? யோகட்டில் புரதமும் கல்சியமும் உண்டு. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு, உயிருள்ள பற்றீரியா கொண்ட யோகட் இலகுவில் சமிக்கிறது. இதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010 இல் ஏற்றுக்கொண்டது. நோய் எதிர்ப்புச் சக்தி போன்ற வேறு பல உரிமைகோரல்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அதே சபை நிராகரித்தது.

எனவே கப்பை வாங்கும்போது முன்பக்கத்து வாசகத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்து எழுத்துகளைப் படியுங்கள் என்பேன். வெறும் யோகட்டில் பாலின் இயல்பான சீனி 100 கிராமுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிராம் இருக்கும். இலக்கம் அதைவிட நன்றாகக் கூடினால், மிச்சம் பெரும்பாலும் சேர்த்த சீனிதான். நீரிழிவு உள்ளவருக்கு அந்த இலக்கமே முக்கியம். சீனி போடாத சட்டித் தயிரும் இதே குடும்பம்தான். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், அளவோடு உண்ணலாம். மேலே ஊற்றும் பாணியையும் சீனிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.