கச்சான் எண்ணெயில் ஓடிய டீசல் எஞ்சின்

1870 இல் பிரான்சுக்கும் ஜேர்மனியருக்கும் போர் மூண்டபோது, பாரிஸில் வாழ்ந்த ஜேர்மன் குடும்பமொன்று இலண்டனுக்கு இடம்பெயர்ந்தது. அக்குடும்பத்தின் மகன் ருடோல்ப் டீசலுக்கு அப்போது 12 வயது. பெற்றோரைப் பிரிந்து, ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தான்.

நீராவி இயந்திரம் வெப்பத்தை வீணாக்குவது பின்னாளில் பொறியியலாளரான அவரை உறுத்தியது. காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்றும் எஞ்சினை உருவாக்கினார். 1897 இல் அது எரிபொருளின் வெப்பத்தில் சுமார் 26 வீதத்தை வேலையாக மாற்றியது.

1900 பாரிஸ் கண்காட்சியில் ஒட்டோ நிறுவனம் சிறிய டீசல் எஞ்சின் ஒன்றைக் கச்சான் எண்ணெயில் ஓட்டியது. வந்தவர்களில் வெகுசிலரே அதைக் கவனித்தனர். டீசல் அந்த எண்ணெய்க்காகவே எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்பது பிற்காலக் கதை. யோசனை பிரெஞ்சு அரசினுடையது. ஆபிரிக்கக் குடியேற்றநாடுகளில் விளையும் கச்சானை அங்கேயே எரிபொருளாக்கும் கணக்கு அது. ஆனால் தாவர எண்ணெய்க்கு ஒருநாள் பெற்றோலியத்துக்கு நிகரான மதிப்பு வரலாம் என்று டீசலும் 1912 இல் நம்பினார்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய நமக்கு இது புதினமல்ல. பொரித்துக் கழித்த எண்ணெயில் லொறி ஓட்டுவோர் அதை நன்றாக வடித்தெடுக்கிறார்கள். ஆறிய எண்ணெய் தடிப்பாக இருப்பதால் டீசலில் ஸ்ராட் செய்து, எண்ணெய் சூடேறியபின் அதற்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் டீசலுக்கு வருகிறார்கள்.

கடனில் மூழ்கியிருந்த டீசல், 1913 செப்டெம்பர் 29 இரவு, இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலில் காணாமற்போனார். சில நாட்களின் பின் கடலில் ஓர் உடலைக் கண்ட மாலுமிகள், சட்டைப்பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டனர். அவை தன் தகப்பனுடையவை என்று உறுதிசெய்தவர் மகன் ஒய்கன்.