அண்ணல் அம்பேத்கரும் மகர் படையும்

அண்ணல் அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் இராணுவக் குடியிருப்பில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகப் பணியாற்றியவர். ஆயின் அண்ணலின் இளமையிலேயே மகர் மக்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்திவிட்டது. முதல் உலகப்போரில் ஆள் தேவைப்படவே, 1917-இல் 111-ஆம் மகர் படையை அமைத்தது. போர் முடிந்தபின் அதனையும் கலைத்தது. தேவைக்கு அழைத்துப் பின் தள்ளும் இவ்வநீதியை அண்ணல் பொறுக்கவில்லை. 1941 ஜூலையில் வைசிராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்ற அவர், மகர் படை வேண்டுமென வற்புறுத்தினார். அவ்வாண்டு அக்டோபரில் பெல்காமில் முதற் பட்டாளம் எழுந்தது. 1946-இல் அப்படை இயந்திரத் துப்பாக்கிப் படையாக மாற்றப்பெற்றது. 1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார். அப்படையோ இன்றும் இந்திய இராணுவத்தில் விளங்குகிறது. இளைஞர்களே, மகர் மக்களுக்கு மூடப்பட்ட கதவைத் திறக்க அண்ணலுக்குத் துணைநின்றது அவர் கற்ற கல்வியே.