ஆண்டாள்

ஆண்டாள், வைணவ அடியார்களான பன்னிரு ஆழ்வார்களுள் ஒரே பெண் ஆவார். விருதுநகர் மாவட்டத்தில், இராஜபாளையத்துக்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையை அடுத்து அமைந்துள்ள திருவில்லிபுத்தூர் இவரது ஊர். கோதை என்பது இயற்பெயர். சூடிக் கொடுத்த சுடர்க்கொடி, நாச்சியார் என்றும் அழைக்கப்படுகிறார். இவரது வாழ்வைப் பற்றிய செய்திகள் மூன்று வழிகளில் கிடைக்கின்றன: இவரே தம் பாடல்களில் தரும் குறிப்புகள், பிற்காலத்தில் எழுந்த குருபரம்பரை நூல்கள், திருவில்லிபுத்தூரில் ஆண்டுதோறும் நிகழும் திருவிழாக்கள்.

பிறப்பும் வளர்ப்பும்

திருவில்லிபுத்தூர் வடபத்திரசாயி கோயிலுக்கு நாள்தோறும் மாலை கட்டித் தரும் தொண்டைச் செய்துவந்தவர் விஷ்ணுசித்தர் என்னும் பெரியாழ்வார். பாண்டிய மன்னனின் அவையில் வாதில் வென்று பொற்கிழி பெற்றவராக இவரைக் குருபரம்பரை கூறுகிறது. ஆடி மாதத்துப் பூர நாளில், தமது நந்தவனத்துத் துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்து அவர் வளர்த்தார். அந்த நந்தவனம் இன்றும் கோயில் வளாகத்தில் பேணப்படுகிறது.

இறைவனுக்கென்று தந்தை கட்டிவைத்த மாலையை வளர்ந்த கோதை தாம் அணிந்து, கிணற்று நீரில் அழகு பார்த்துவிட்டுப் பின்னர் கழற்றி வைத்துவந்தார். இதனை ஒருநாள் கண்டுகொண்ட பெரியாழ்வார் மனம் வருந்தி, அன்று மாலை சாத்தாமல் இருந்துவிட்டார். கோதை சூடிய மாலையே தமக்கு உகந்தது என்று இறைவன் அவர் கனவில் தோன்றிக் கூறியதாக மரபு. அவர் முகம் பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறு கோயிலில் உள்ளது.

திருமணம்

மணப்பருவம் எய்திய கோதை, மானிடர் எவரையும் மணக்க மறுத்துத் திருவரங்கத்து அரங்கனையே கணவனாக ஏற்க உறுதிகொண்டார். அரங்கனின் ஆணைப்படி பல்லக்கில் திருவரங்கம் அழைத்துச் செல்லப்பட்டு, கருவறைக்குள் நுழைந்து இறைவனோடு கலந்தார் என்பது குருபரம்பரை தரும் முடிவு. தனித்து ஊர் திரும்பிய தந்தையின் நிலையைப் பற்றி அந்நூல்கள் அதிகம் பேசுவதில்லை. எனினும் ஒரே மகளை வளர்த்துத் திருமாலிடம் பறிகொடுத்த தாயின் புலம்பலாகப் பெரியாழ்வார் திருமொழியில் அமைந்துள்ள பாடல்களை, அவரது சொந்தத் துயரமாகவே வைணவர்கள் படிக்கின்றனர்.

காலமும் கருத்து வேறுபாடும்

திருப்பாவையில் வெள்ளி, வியாழன் ஆகிய கோள்களின் நிலையைப் பற்றி வரும் குறிப்பைக் கொண்டு, மு. இராகவையங்கார் இந்நூலின் காலத்தைக் கி.பி. 731 எனக் கணித்தார். 9ஆம் நூற்றாண்டு எனக் கொள்வோரும் உளர்.

ஆண்டாள் என்றொரு பெண் வாழ்ந்ததில்லை, பெரியாழ்வாரே பெண்ணாகத் தம்மைப் பாவித்துப் பாடினார் என்ற கருத்தும் உண்டு. இராஜாஜி இக்கருத்தைக் கொண்டிருந்தவர்களுள் ஒருவர். ஆனால் ஆண்டாளின் பதிகங்களின் இறுதிப் பாடல்கள், பாடியவர் வில்லிபுத்தூர் விஷ்ணுசித்தரின் கோதை என்று தெளிவாகக் கூறுகின்றன. புனைபெயரிலும் இவ்வாறு கூற இயலும் என்பதால் இது மட்டுமே போதிய சான்று ஆகாது. இருவரது பாடல்களின் போக்கு வேறுபடுவதே வலுவான சான்றாகும். பெரியாழ்வார் பெரும்பாலும் யசோதையாக நின்று கண்ணனைத் தாலாட்டுகிறார். ஆண்டாளோ கண்ணனைக் காதலனாகக் கண்டு ஏங்குகிறார், சினக்கிறார், மேகத்தைத் தூது விடுகிறார்.

படைப்புகள்

30 பாடல்கள் கொண்ட திருப்பாவை, 143 பாடல்கள் கொண்ட நாச்சியார் திருமொழி ஆகிய இரண்டும் நாலாயிரத் திவ்விய பிரபந்தத்தில் இடம்பெற்றுள்ளன. மார்கழியில் நாள்தோறும் ஓதப்படுவதால் திருப்பாவை பரவலாக அறியப்பட்டது. நாச்சியார் திருமொழியில், கனவில் கண்ட திருமணத்தைப் பாடும் பகுதி வைணவத் திருமணங்களில் ஓதப்படுகிறது. வெளிப்படையான காதல் உணர்வினால் இந்நூலின் ஏனைய பகுதிகள் குறைவாகவே படிக்கப்படுகின்றன. ஆண்டாளை அறிய இந்நூலே முதன்மையானது.

வாழ்வைச் சொல்லும் திருவிழாக்கள்

ஆண்டாள் வரலாறு நூல்களில் திருவரங்கத்தில் முடிகிறது. திருவில்லிபுத்தூர் விழாக்களில் அவ்வாறு முடிவதில்லை. கருவறையில் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் கருடனும் ஒருசேர நிற்கின்றனர். மணமகனை விரைந்து சுமந்து வந்தமையால் கருடனுக்கு அருகில் இடம் கிடைத்தது என்பது தல வரலாறு. இதன்படி மகள் ஊரை விட்டுச் செல்லவில்லை. மாப்பிள்ளையே வந்து தங்கிவிட்டார்.

பிறந்தநாள் விழாவான ஆடிப்பூரமே இவற்றுள் பெரியது. ஐந்தாம் நாளில் பெரியபெருமாள், ரெங்கமன்னார், சுந்தரராஜப் பெருமாள், திருவண்ணாமலை ஸ்ரீநிவாசப் பெருமாள், திருத்தங்கல் அப்பன் ஆகிய ஐவரும் கருட வாகனத்தில் எழுந்தருள்கின்றனர். ஆண்டாளும் பெரியாழ்வாரும் அன்ன வாகனங்களில் வருவர். ஏழாம் நாளில் ஆண்டாள் மடியில் ரெங்கமன்னார் தலைவைத்துச் சயனிக்கும் கோலத்தைக் காணலாம். ஒன்பதாம் நாள் தேரோட்டம். முற்காலத்தில் தேர் நிலைக்கு வரப் பல நாட்கள் ஆனதுண்டு; இரும்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்ட பின் இழுப்பது எளிதாயிற்று. அன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை அளிப்பது வழக்கம். இராஜபாளையம் உள்ளிட்ட சுற்றுவட்டார மக்களுடன் வெளியூர்ப் பயணிகளும் பெருந்திரளாகக் கூடுவர்.

கூட்டத்தை விரும்பாத பயணிகளுக்கு மார்கழி ஏற்றது. பகல்பத்துத் தொடக்க நாளில் ஆண்டாள் பிறந்த வீட்டுக்குச் செல்கிறார். பெரியாழ்வார் வழியினரான வேதபிரான் பட்டர் இல்லத்தில் காய்கறிகளைப் பரப்பி வரவேற்பர். இதற்குப் பச்சைப் பரத்தல் என்று பெயர். மணமான மகள் தாய்வீடு வரும் நிகழ்வாகவே இதனை ஊரார் காண்கின்றனர். அதன்பின் எண்ணெய்க்காப்பு விழா நடைபெறும். பங்குனி உத்திரத்தன்று திருமணம்.

ஆண்டாள் கையிலுள்ள கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. உடலுக்கு மரவள்ளி இலையும், மூக்குக்கு மாதுளம்பூவும் பயன்படுகின்றன.

பிற இடங்களில்

ஆண்டாள் சூடிக் களைந்த மாலை, புரட்டாசியில் திருப்பதி கருட சேவைக்கும், சித்திரையில் மதுரை வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும் அனுப்பப்படுகிறது. திருவரங்கத்திலிருந்து ஆடிப்பூரத்துக்குப் பட்டு வருகிறது. நாச்சியார் திருமொழியில் அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் அக்காரவடிசிலும் படைப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டதை, பின்னாளில் இராமானுசர் நிறைவேற்றினார் என்பர். அவர் திருவில்லிபுத்தூர் வந்தபோது ஆண்டாள் அண்ணா என அழைத்ததாகவும், அதனால் அவருக்குக் கோயில் அண்ணன் என்ற பெயர் வந்ததாகவும் கூறப்படுகிறது.

விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டில் இக்கதையை ஆமுக்தமால்யதா என்ற தெலுங்குக் காவியமாக இயற்றினார். தெலுங்கில் ஆண்டாளுக்குக் கோதாதேவி என்று பெயர். தாய்லாந்து அரசவையில் நிகழ்ந்துவந்த ஊஞ்சல் விழா திரியம்பாவாய் – திரிபாவாய் எனப்பட்டது. இப்பெயர் திருவெம்பாவை, திருப்பாவை என்பவற்றின் திரிபாகும். பாங்காக்கில் பெரிய ஊஞ்சல் ஆடும் நிகழ்ச்சி 1935இல் நிறுத்தப்பட்டது. ஊஞ்சலின் உயர்ந்த செந்நிறத் தூண்களை நகரின் நடுவே இன்றும் காணலாம்.